துணைப்படி

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஒரு குறையும் இல்லை ஐயா!"

அறைக்குள் இருந்தது மூன்றே டாக்டர்கள். மூன்று பேருக்கு இவ்வளவு சத்தம் தேவையில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற அதிகாரிக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை அது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தவர், "உங்க வீட்டுக்காரரா?" என்று பரிதாபமாகக் கேட்டார். வேறு யாராக இருக்கும்!

ஒரு வாரமாகக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, படுக்கப் போகும்போது, விடாமல் ஒத்திகை.

"டாக்டர் கேட்டா என்ன சொல்லணும்?"

"திடீர் திடீர்னு வலிப்பு வருது. விழுந்துடறேன். தனியா இருக்க முடியலை."

"அப்புறம்?"

"துணியை நனைச்சுடறேன்." இதைச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்ப்பார்.

"இதையேதான் அங்கேயும் சொல்லணும். மறக்க மாட்டீங்களே?"

"மறப்பேனா?" என்பார் அட்டென்ஷன்.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பால்காரர் மணியடித்தால்கூட விறைப்பாக நின்றுதான் பால் வாங்குவார். சட்டையில் மடிப்புக் கலையாது. நடையில் பிசகு இருக்காது. யாராவது அவரைப் பார்த்து, இந்த மனிதருக்குத் தலையில் இடது காதுக்கு மேலே ஒரு குண்டுச் சிதறல் உட்கார்ந்திருக்கிறது, எடுத்தால் உயிர் போய்விடும் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். அதனால் வலிப்பு வருகிறது என்பதை டாக்டர்களும் நம்பவில்லை, அதுதான் விஷயம்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பட்டாளத்தில் 'குறை' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. வாராவாரம் அதிகாரி வரிசையைச் சுற்றிவந்து, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "குறை ஏதும் உண்டா?" என்று கேட்பாராம். புதிதாகச் சேர்ந்தவன் ஒருவன் வாய் தவறி, போர்வை கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். அன்று அவனுடைய பிரிவு முழுவதும் ஆளுக்கொரு போர்வையைத் தலையில் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் யாருக்கும் எந்தக் குறையும் வரவில்லை. கேள்வி காதில் விழுந்த மறு நொடி பதில் வாயிலிருந்து பாய்ந்துவிடும். நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. மருத்துவ போர்டில் நடுவே உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார்: "சொல்லுங்க, உங்களுக்கு என்ன குறை?" முதுகு நிமிர்ந்தது, குதிகால்கள் சேர்ந்தன, ஒரு வாரத்து ஒத்திகை காற்றில் போனது.

வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

"ஆமா, முடிஞ்சுது" என்றாள் அவள்.

அவர்கள் கேட்டுப் போனது துணைப்படி. பென்ஷன் ஏற்கனவே வந்துகொண்டிருந்தது. வீட்டு வாடகைக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகும். துணைப்படி என்பது வேறு. காயம்பட்ட சிப்பாய் தனியாக இருக்க முடியாத நிலையில் இருந்தால், கூடவே இருக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ள அரசாங்கம் தருகிற படி. அந்த ஆள் மனைவியாகவும் இருக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அது கிடைத்தால் அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால், பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில், பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இந்நேரம் விழுந்திருப்பாரோ, எங்கே விழுந்திருப்பாரோ என்று நாளெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதுவரை கீழ்வீட்டு அக்கா இருந்தாள். அவள் கெட்டிக்காரி. மாடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். போன வருடம் அவர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து, சூடான பெட்டிமேலேயே கை கிடந்தது. அக்கா மட்டும் வராவிட்டால் கை எலும்புவரை வெந்திருக்கும். அந்த அக்காவை இப்போது அவளுடைய மகன் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறான். "என்னடி பண்ணுவே?" என்று அவள் கேட்டபோது, "துணைப்படி வந்துடும்கா" என்று இவள் பெரிய நம்பிக்கையோடு சொல்லிவைத்திருந்தாள்.

பென்ஷன் ஆபீசில் அந்தப் பிரிவைப் பார்க்கிற கிளார்க்குக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். காகிதத்தை அதற்குக் கீழே பிடித்து வெறுங்கண்ணால் படிப்பார். நல்ல மனிதர். காத்திருப்பவர்களை உட்காரச் சொல்வார். அந்த ஆபீசில் அதுவே பெரிய விஷயம்.

"நாங்க என்னம்மா பண்ணறது? உங்க வீட்டுக்காரரே ஒரு குறையும் இல்லைன்னு சொல்லியிருக்காரே. அதுவும் மூணு தடவை சொன்னாராம்."

"அவர் அப்படித்தான் சார் சொல்வார். செத்துக் கிடந்தாலும் எழுந்து நின்னு அதையேதான் சொல்வார்."

கிளார்க் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அப்பீல் ஒண்ணு இருக்கு. ஒரே தடவைதான். வேற போர்டு உட்காரும். எழுதிக் கொடுங்க, நான் தேதி வாங்கித் தரேன்."

"நான் உள்ளே வந்து சொல்லலாமா சார்? கூட இருந்து பார்க்கிறவ நான்தானே. விழும்போது அவருக்கு ஒண்ணும் தெரியாது. முழிச்சதும் எல்லாம் மறந்துபோயிடும். அவரைக் கேட்டா என்ன தெரியும்?"

"வீட்டுக்காரங்க உள்ளே வரக்கூடாதும்மா. வீட்டுக்காரங்க சொல்றதையெல்லாம் எழுதினா அரசாங்கம் திவாலாகிடும். போர்டு தன் கண்ணால பார்க்கிறதைத்தான் எழுதும்."

"வலிப்பை எப்படி சார் கண்ணால பார்ப்பாங்க? சொல்லிட்டா வருது?"

"அதுக்கு அவர் அந்த ரூம்லயே விழுந்தாத்தான் உண்டு" என்றார் கிளார்க், அடுத்த காகிதக் கட்டை எடுத்துக்கொண்டே.

விளையாட்டாகத்தான் சொன்னார். அப்போதே மறந்தும் போயிருப்பார். ஆனால் அது அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. மறுநாள் கம்பெனிக்கும் வந்தது. காஜா எடுக்கும்போது ஒரு கட்டுச் சட்டைக்குப் பொத்தான் துளையை இடம் மாற்றிப் போட்டுவிட்டு மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவர் திட்டியது ஒன்றும் அவள் மண்டையில் ஏறவில்லை. மாத்திரை போட்டால் வலிப்பு எப்போதாவதுதான் வரும். போடாவிட்டால் வந்தே தீரும். இது அவளுக்குத் தெரியும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்துபோய், வந்து சேர்வதற்குள் அவர் விழுந்து விழுந்து எழுந்தது அவளுக்கு மறக்கவில்லை.

சீ, இதென்ன புத்தி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கட்டின புருஷனை விழவைத்துக் காட்டிக் காசு வாங்குவதா? அடுத்த நிமிஷமே, ஏன், அவர் விழாமலா இருக்கிறார், யாரும் பார்க்காத இடத்தில் விழுகிறவர் பார்க்கிற இடத்தில் ஒரு தடவை விழுந்தால் என்ன என்றும் தோன்றியது. அங்கே மூன்று டாக்டர்கள் இருப்பார்கள். கீழ்வீட்டு அக்காவைவிட டாக்டர்கள் மேல்தானே. இப்படி எத்தனையோ நியாயம். மனசு கெட்ட வழியில் போக முடிவு செய்துவிட்டால் நியாயத்துக்கா பஞ்சம்? அக்கா வீட்டில் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கீழேயிருந்து பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

அப்பீல் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தவர், "ஏம்மா, மாத்திரை போட்டுட்டேனா?" என்று கேட்டார்.

"போட்டீங்களே. இப்பத்தானே தண்ணி குடிச்சீங்க."

அவர் மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். தண்ணீர் குடித்தது நிஜம்தான். டம்ளர் காலியாகத்தான் இருந்தது. "ஆமா ஆமா" என்று தலையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இது தலையா? ஓட்டைப் பானை."

அவருடைய தலையில் நிற்காததெல்லாம் அவளிடம்தான் இருந்தது. நேற்று யார் வந்தார்கள், சாவி எங்கே, தம்பியோடு சண்டையா சமாதானமா, எல்லாம் அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். அவள் சொன்னால் அது நடந்தது. அவள் சொல்லாவிட்டால் நடக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியும் கேட்டார், மறுநாளும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் "போட்டாச்சு" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர் நம்பினார். கடைசித் தடவை அவள் குரல் தடுமாறியபோது, "உனக்குத் தொண்டை கட்டியிருக்கு, வெந்நீர் குடி" என்றார்.

இந்தத் தடவை போர்டில் நடுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தாள். கதவு மூடுவதற்குள் அவ்வளவுதான் தெரிந்தது. அட்டென்ஷன் மடிப்புக் கலையாத சட்டையோடு உள்ளே போனார். அவள் அதே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். வரட்டும், வரட்டும் என்று ஒரு மனசு. ஐயோ வேண்டாம் என்று இன்னொரு மனசு. உள்ளே யாரோ ஏதோ கேட்டார்கள்.

"ஒரு குறையும்..."

வாக்கியம் அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு வந்தது வார்த்தை இல்லை. ஒரு நாற்காலி சாய்ந்தது. கனமாக ஒன்று தரையில் விழுந்தது.

அந்த நொடியில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. மறைத்துப் பயனில்லை, சந்தோஷம்தான். பார்த்துவிட்டார்கள், இனி வலிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, இனி நான் வீட்டில் இருப்பேன் என்று மார்பு நிறைந்தது. எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவர் மேஜைக் காலுக்கும் சுவருக்கும் நடுவே துடித்துக்கொண்டிருந்தார். வாயோரத்தில் ரத்தம். வலிப்பு வரும்போதெல்லாம் அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பாள், ஒரு அளவுக்குள் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. அடங்குவதுபோல் வந்து மறுபடி தூக்கிப் போட்டது. பெண் டாக்டர் மண்டியிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஊசி கொண்டா, சீக்கிரம்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். மறுபடி தூக்கிப் போட்டது. மறுபடியும். கதவுக்கு வெளியே அவளுக்கு வந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. "போதும், போதும், நிறுத்துங்க" என்று கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

வார்டில் அவர் கண் விழிக்க மறுநாளாகிவிட்டது. கடித்துக்கொண்ட நாக்கில் தையல் போட்டிருந்தார்கள். பேச்சு குழறியது. வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டம்ளரைப் பிடிக்கப் போனால் நழுவியது. வார்டு டாக்டர் சின்ன வயசுக்காரர், ராத்திரி முழுவதும் தூங்காத கண்கள்.

"ரத்தத்துல மருந்தே இல்லையே! மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா இல்லையா?"

அவள் கட்டில் அருகில் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தலையணையில் உடம்பை நிமிர்த்த முயன்றார். படுத்தபடியே விறைப்பாக நிற்க ஒரு மனிதர் முயன்றதை அந்த டாக்டர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

"என் தப்பு ஐயா. வீட்டிலே கரெக்டா எடுத்துக் கொடுப்பாங்க. நான்தான் எங்கேயாவது வச்சுட்டு மறந்திருப்பேன். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். இப்போது சொன்னால் எல்லாம் கெட்டுவிடும், துணைப்படி கைக்கு வரட்டும், பிறகு அவர் காலில் விழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பென்ஷன் ஆபீசுக்குப் போனபோது கிளார்க் உட்காரச் சொன்னார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

"வலிப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்கம்மா. போர்டே கண்ணால பார்த்துடுச்சே."

"அப்போ..."

"ஆனா வலிப்பு வந்தது மாத்திரை போடாததாலேன்னு ஆஸ்பத்திரி எழுதிடுச்சு. மறந்துட்டேன்னு அவரே வாக்குமூலம் கொடுத்திருக்கார். மாத்திரை போட்டா அடங்கற வியாதிக்குத் துணைப்படி கிடையாது. சொந்தக் கவனக்குறைவுன்னு தள்ளிட்டாங்க."

"கை விளங்காமப் போச்சே சார். அதுக்கு?"

"அதுவும் அந்தக் கவனக்குறைவாலே வந்ததுதான்னு எழுதியிருக்கு. போர்க் காயம் இல்லையாம்."

அவள் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் மறக்கலை சார். நான்தான் கொடுக்கலை. நீங்கதானே சொன்னீங்க, அந்த ரூம்ல விழுந்தாத்தான் உண்டுன்னு."

கிளார்க்கின் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "அம்மா, நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார். பிறகு சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும், கண்களை மூடிக்கொண்டார். "இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கேஸ் ஆயிடும். இப்ப வர்ற பென்ஷனைக்கூட நிறுத்தி வச்சுடுவாங்க. போங்கம்மா. தயவுசெஞ்சு போங்க."

வீட்டில் அவர் கட்டிலில் காத்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு அக்கா போவதற்கு முன் கடைசித் தடவையாகத் துணைக்கு உட்கார்ந்திருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததுமே, இவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் படியிறங்கினாள். அன்று சாயங்காலமே வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நடந்ததைச் சொன்னாள், கவனக்குறைவு என்ற வார்த்தை உட்பட. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னாலதானே போச்சு. நீ எவ்வளவு அலைஞ்சே. ஒரு மாத்திரையை முழுங்கத் துப்பில்லாம எல்லாத்தையும் கெடுத்துட்டேன். மன்னிச்சுடும்மா."

அவளால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நீங்க மறக்கலைங்க. நான்தான் கொடுக்கலை. போட்டாச்சு போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். வேணும்னேதான் செஞ்சேன். நீங்க அங்கே விழணும்னுதான் செஞ்சேன்."

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து கை ஓங்காத மனிதர்தான், ஆனால் இதற்கு அடிக்காவிட்டால் வேறு எதற்கு அடிப்பது? அவர் தையல் போட்ட நாக்கோடு கோணலாகச் சிரித்தார்.

"பட்டாளத்திலே என் பக்கத்துப் படுக்கைக்காரன் ஒருத்தன் இப்படித்தான். நான் துப்பாக்கியைத் துடைக்காம விட்டுட்டேன். 'நான்தான் ஐயா விட்டுட்டேன்'னு முன்னாடி போய் நின்னான், என் பழியைத் தன் தலையிலே போட்டுக்கிட்டு. நீயும் அதே ரகம்."

"ஐயோ, நிஜமாத்தாங்க சொல்றேன்!"

"சரி, சரி. நீ அப்படிச் செய்வியா? எனக்கு உன்னைத் தெரியாதா? அழாதே." விளங்காத கையை விட்டுவிட்டு இடது கையால் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். ஓர் அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. இன்றும் வராவிட்டால் காஜா மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவதாக மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் விழுங்கினார். டம்ளரை இடது கையால் மேஜைமேல் வைத்தார். பிறகு மெல்ல எழுந்து, கட்டிலுக்கு முன்னால், குதிகால்களைச் சேர்த்து நின்றார். வலது கை மட்டும் ஒட்டாமல் தொங்கியது.

"என்னங்க?"

"முகாம்லே கொசுக்காய்ச்சலுக்கு மாத்திரை தருவாங்க. கசக்குதுன்னு பசங்க நாக்குக்கு அடியிலே ஒளிச்சு வச்சுத் துப்பிடுவானுங்க. அதனாலே முழுங்கினதும் வரிசையா நின்னு வாயைத் திறந்து காட்டணும். அதிகாரி பார்த்துட்டுச் சரின்னு சொன்னாத்தான் நகரலாம். இனிமே நீ தினமும் பார்த்துடு. என்னை நம்பாதே. என்னாலே உனக்கு இன்னொரு தடவை கெட்டது வரக்கூடாது."

சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்தார். நாக்கை மேலே தூக்கிக் காட்டினார். நாக்கின் ஓரத்தில் தையல் போட்ட இடம் இன்னும் கருநீலமாகத் தடித்திருந்தது. கண்களை நேரே எதிர்ச் சுவரில் நிறுத்தி அசையாமல் நின்றார். அவள் பார்த்துச் சொல்லாதவரை அவர் மூடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"சரி" என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, வேலைக்குப் போனாள்.